கிழித்த முதல் பக்கங்கள்

மாதிரி எடுப்பது எப்படி, அட்டவணை போடுவது எப்படி என்றெல்லாம் இந்த ஒரு வாரமாக உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லியிருப்பார்கள். எனக்கு ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் நான் செய்த தப்புகளைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன். எல்லாமே ஒரே ஆய்வில் செய்தவை. ஆகையால் நேரம் போதும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நம் நிறுவனம் அப்போது புனேயில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருந்தது. கீழே ஒரு பல் டாக்டர். அவருடைய நோயாளிகளின் சத்தத்துக்கு நடுவே நாங்கள் பொருளாதாரம் பார்த்துக்கொண்டிருந்தோம். இயக்குநர் மராத்திக்காரர். பெயர் வேண்டாம், சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

வானவடியில் நாலா ஓரமாக ஒரு குடியிருப்பு இருந்தது. புனேயில் ஓடையை நாலா என்பார்கள். வேலூர், ஆம்பூர் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் கண்டோன்மென்ட் வேலைக்கும் வந்த குடும்பங்கள். வீட்டுக்குள் தமிழ், வெளியே இந்தி, சண்டைக்கு மராத்தி. நாலாவை அகலப்படுத்த அரசாங்கம் முடிவு செய்திருந்தது. வீடுகள் போய்விடும். அவர்களில் சொந்த வீடு இல்லாதவர்களுக்கு, சிறு கடனும் கொடுத்து, வேறு இடத்தில் அடுக்குமாடி வீடு தருவதாகத் திட்டம். யாருக்கு என்ன நிலைமை, யார் என்ன வேலை செய்கிறார்கள், யார் யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்களிடம் வந்தது. எங்கள் அலுவலகத்தில் அது என்னிடம் வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். எனக்குத் தமிழ் தெரியும்.

எனக்கு அதில் பெருமை இருந்தது. மற்றவர்களெல்லாம் மொழிபெயர்த்துக் கேட்டார்கள், நான் நேரடியாகக் கேட்டேன். பதினேழாவது கேள்வி: "வீடு சொந்தமா, வாடகையா?" இரண்டு கட்டம். ஏறக்குறைய எல்லோரும் சொந்தம் என்றார்கள். நான் டிக் அடித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு வாசலிலும் ஆரம்பத்தில் ஒரு வாக்கியம் சொல்வேன்: "உங்க பேரு எங்க ஆபீஸை விட்டு வெளியே போகாது." அதையும் தமிழில்தான் சொன்னேன்.

அறிக்கையைப் படித்த இயக்குநர், வீடு சொந்தமா என்பதைக் காட்டும் ஆறாவது அட்டவணையில் விரலை வைத்தார்.

"உங்க ஊர்க்காரங்க ரொம்ப வசதியானவங்க போலிருக்கே."

"அப்படித்தான் சொன்னாங்க சார்."

"கையெழுத்துப் போட்டு அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க சார்."

அவர் கேட்டது கேள்வி இல்லை, எச்சரிக்கை என்பது எனக்கு உறைக்க மூன்று வாரம் ஆயிற்று. மூன்று வாரம் கழித்து, ஆய்வைக் கேட்டிருந்த அரசு அலுவலகத்திலிருந்து அதிகாரி போன் செய்தார். அறிக்கை மிகத் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார். எல்லோருக்கும் சொந்த வீடு இருப்பதால் மாற்று வீடு யாருக்கும் தேவைப்படவில்லை, மழைக்கு முன்னால் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் தயாராகிறது என்றார். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் ஆட்டோ பிடித்து வானவடி போனேன். முதல் வரிசையிலேயே செல்வராணி இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் தொழிற்சாலையில் வேலையாக இருந்து இறந்தவர். மகன் டெம்போ ஓட்டுகிறான். அந்தக் குடியிருப்பில் யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் அவள் வாசலில்தான் கூடுவார்கள்.

"சொந்த வீடுன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"ஆமா. எங்க மாமனார் கட்டிக்கினது. அப்புறம் இந்தச் சுவத்துக்கு மண்ணு மிதிச்சது நானு. சொந்தம் இல்லாம வேற இன்னா?"

"இடம்?"

"இடம் சர்க்காருது."

"அதை ஏன் சொல்லலை?"

"எடத்தப் பத்தி நீங்க கேக்கவே இல்லியே மேடம்."

உண்மை. கேள்வித்தாளில் இடத்துக்குக் கட்டம் இல்லை. வீடு என்றால் அதற்கடியில் இருக்கும் நிலமும் சேர்த்துத்தான் என்று எனக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு அப்படி. அதை நான் பொருளாதாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து இயக்குநரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தப்புன்னு ஒரு லெட்டர் எழுதுங்க. ஒரே பக்கம். காரணம் எழுதாதீங்க" என்றார்.

"ஏன் சார்?"

"காரணம் எழுதினா அவங்க காரணத்தைப் பத்தித்தான் பேசுவாங்க. நமக்கு வேண்டியது அந்த நோட்டீஸ் நிக்கணும், அவ்வளவுதான்."

எழுதினேன். முதல் வரி: ஆறாவது அட்டவணை தவறு, அதற்கு நானே பொறுப்பு. இரண்டாவது வரி: மறுபடி கேட்கப் பத்து நாள் வேண்டும். மூன்றாவது வரி கிடையாது. நோட்டீஸ் நின்றது. அதிகாரி பத்து நாள் கொடுத்தார். என்னைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

இதற்குள் குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சொந்தம் என்று சொன்னவர்களுக்கு ஒன்றும் கிடைக்காதாம். நான் மறுபடி போனபோது எல்லோரும் பாடா என்றார்கள். பாடா என்றால் வாடகை. போன தடவை, தானே பூசிய வாசல்படியைக் கையால் தடவிக் காட்டிய ஒருவர், இந்தத் தடவை அதே படியில் உட்கார்ந்துகொண்டு, "பாடாதான் மேடம்" என்றார்.

"யாருக்குக் கொடுக்கறீங்க?"

எதிர் வீட்டைக் காட்டினார். எதிர் வீட்டுக்காரரிடம் போனேன். அவரும் பாடாதான். யாருக்குக் கொடுக்கிறார்? இவருக்கு. இருவரும் ஒருவருக்கொருவர் குடித்தனக்காரர்கள். அதை இரண்டு பேருமே கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்கள். நானும் சிரிக்காமல் எழுதிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் நாலாவின் சிறு பாலத்தில் உட்கார்ந்து யோசித்தேன். போன தடவை சொன்னது பொய் இல்லை. இந்தத் தடவை சொல்வது பொய், ஆனால் அதைச் சொல்ல வைத்தது நான். இனி இந்த இடத்தில் சொந்தமா வாடகையா என்ற கேள்வி செத்துப்போய்விட்டது. மறுநாள் அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டு வேறொன்று கேட்டேன். "போன மழைக்கு ஒழுகிச்சா? பத்ரா யார் வாங்கிப் போட்டது?" பத்ரா என்றால் கூரைத் தகரம்.

ஒழுகலைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது. எந்தக் கடையில் வாங்கியது, எவ்வளவு பேரம் பேசியது, அதற்காக யாரிடம் கைமாற்று வாங்கியது என்று எல்லாம் கொட்டினார்கள். கடன் பற்றிய பகுதிக்கு நான் தனியாகக் கேட்க வேண்டியிருக்கவே இல்லை. பெரும்பாலானவர்கள் தாங்களே வாங்கிப் போட்டிருந்தார்கள். அரசு நிலத்தில் சொந்தச் சுவர். ஒன்பது குடும்பத்தினர் மட்டும் வேறு ஒருவர் பெயரைச் சொன்னார்கள். அந்த ஒன்பது பேர்தான் நிஜமான குடித்தனக்காரர்கள்.

அதில் ஒருத்தி குமாரி. செல்வராணி வீட்டுப் பின்னறையில் இருந்தாள். புருஷனுக்கு ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை இருந்தது, பிறகு இல்லை. பக்கத்தில் புதிதாக வந்திருந்த அடுக்குமாடி வீடுகளில் நாலு வீட்டில் சமையல் செய்துதான் அவள் குடும்பம் ஓடியது. எட்டு வயதில் ஒரு பெண். பத்ராவைக் கேட்டதும், "செல்வராணிக்கா வாங்கிப் போட்டாங்க. என்னைக் கீழ நின்னு பிடிச்சுக்கச் சொன்னாங்க" என்றாள். அந்த அறையின் சுவரில் பென்சிலால் கோடுகள் இருந்தன, பெண்ணின் உயரத்துக்கு. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒன்று. நாலு கோடு. கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை. இருந்தாலும் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து செல்வராணி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். பல் டாக்டரிடம் வந்தவள் என்று நினைத்து அங்கே உட்காரவைத்துவிட்டார்களாம். மாடிக்கு வரும்போதே கோபமாக இருந்தாள்.

"குமாரி பேரு உங்க பேப்பர்ல இருக்குதா?"

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாது."

"பாடாக்காரி இருந்தா எனக்கு வீடு கெடைக்காதா?"

"அது எங்க வேலை இல்லை. எனக்குத் தெரியாது. ஆனா யார் பேரும் எங்க ஆபீஸை விட்டுப் போகாது, அதுக்கு நான் பொறுப்பு."

"நான் கேட்டது அது இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நான் ரகசியத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு என் மேஜைக்குத் திரும்பினேன்.

திருத்திய அறிக்கை போயிற்று. இந்தத் தடவை இயக்குநர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரம் ஆயிற்று. அவர் மும்பை போயிருந்த ஒரு நாள் காலை அந்த அதிகாரியிடமிருந்து போன்.

"அந்த ஒன்பது குடும்பம் யார் யார்?"

"பெயர் தர முடியாது சார்."

"பணம் கொடுத்தது நாங்க. கேள்வித்தாள் எல்லாம் எங்க சொத்து. நாலு மணிக்கு ஜீப் வரும், எல்லாத்தையும் கட்டி வையுங்க."

இயக்குநரைப் பிடிக்க வழியில்லை, அவர் ரயிலில் இருந்தார். மணி பதினொன்று. ஒவ்வொரு வாசலிலும் நின்று நான் சொன்ன அந்த வாக்கியம் எனக்கு ஞாபகம் வந்தது. கூட வேலை செய்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டேன். பெயரும் வீட்டு எண்ணும் இருப்பது முதல் பக்கத்தில். ஒவ்வொரு தாளிலும் முதல் பக்கத்தைக் கிழித்தோம். மூன்று பேரும் சாப்பிடப் போகவில்லை. கிழித்ததையெல்லாம் பின்கட்டில் ஒரு வாளியில் போட்டுக் கொளுத்தினேன். நோயாளிகள் இருமுகிறார்கள் என்று பல் டாக்டர் புகார் சொன்னார். நாலு மணிக்கு நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தைரியமாக நான் எதுவும் செய்ததில்லை என்று தோன்றியது.

மறுநாள் இயக்குநர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சபாஷ் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"தரமாட்டேன்னு சொன்னது சரி. எதுக்குக் கிழிச்சீங்க?"

"ஜீப் வருதுன்னு சொன்னாங்க சார்."

"வந்துச்சா?"

"வந்துது."

"யார் வந்தாங்க?"

"ஒரு பியூன்."

"என்ன சொன்னார்?"

"தாள் கட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். டீ குடிச்சார். போயிட்டார்."

இயக்குநர் எழுந்துபோய் தன் அலமாரிக் கதவை ஒரு தடவை திறந்து மூடிக் காட்டினார். அதில் பூட்டு இருந்தது. சாவி என்னிடமும் ஒன்று இருந்தது. முதல் பக்கங்களை அதில் வைத்துப் பூட்டிவிட்டு மீதியைக் கொடுத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. பயத்தில் செய்ததை நான் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், உள்ளேயிருந்து பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் அந்த அலுவலகமே ஆட்களை அனுப்பிப் பெயர் எழுதிக்கொண்டது. மூன்று நாள், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேறு ஆய்வு, வேறு ஊர். மழை முடிந்து ஒரு நாள் குமாரி எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பெண்ணும் கூட இருந்தது.

பெயர் எழுத வருவதற்கு ஒரு வாரம் முன்னால் செல்வராணி அவளைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். அறையில் டெம்போ ஓட்டும் மகன் வந்துவிட்டான். குமாரி தாபோடியில் நாத்தனார் வீட்டில் இருந்தாள். அங்கிருந்து வானவடிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், காலைச் சமையலுக்கு நேரத்தில் போக முடியவில்லை, நாலு வீட்டு வேலையும் போய்விட்டது. பெண்ணைப் பள்ளிக்கூடம் மாற்றியாகிவிட்டது. ஆட்சேபணை இருந்தால் விசாரணைக்கு வரலாம் என்று அலுவலகத்தில் ஒட்டியிருந்தார்களாம். அதற்கு ஆதாரம் வேண்டும்.

"ரேஷன் கார்டு இன்னும் மாமியார் வீட்டு அட்ரஸ்லயே இருக்கு மேடம். லைட் பில் அக்கா பேர்ல. நான் அங்க இருந்தேன்னு எழுத்துல இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அன்னிக்கு நீங்க என்னை உட்கார வெச்சு எழுதினீங்களே, என் பேரு, வீட்டு நம்பர், எத்தனை வருஷம்னு எல்லாம். அந்தக் காகிதம் குடுங்க."

நான் அவளுக்குத் தமிழில் விளக்கினேன். என்னால் முடிந்த அளவு நல்ல தமிழில். உன் பெயர் யார் கையிலும் போகக் கூடாது என்பதற்காக அதைக் கொளுத்திவிட்டேன் என்றேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "என்னைக் கேட்டீங்களா?" என்றாள். கோபமாகக் கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. நான் வாக்குக் கொடுத்தது அவளுக்கு. அதைக் காப்பாற்று என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டியவளும் அவள்தான். எனக்கு அது என் நாணயம் சம்பந்தப்பட்ட விஷயமாகவே தெரிந்திருந்தது, அவள் சம்பந்தப்பட்டதாகத் தெரியவில்லை.

விசாரணைக்கு நானே சாட்சியாகப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் அதே அதிகாரி. முதல் பக்கம் இல்லாத என் கேள்வித்தாள்களைப் பெற்றுக்கொண்டவர். குமாரி ஒரு பக்கம், செல்வராணி ஒரு பக்கம்.

"பேப்பரைக் கிழிச்சீங்க. இப்ப ஞாபகத்துல இருந்து சாட்சி சொல்லப் போறீங்களா?" என்றார் இந்தியில்.

"ஆமாம் சார்."

"சொல்லுங்க."

தகரத்தைப் பற்றிச் சொன்னேன். கீழே நின்று பிடித்துக்கொண்டவள் இவள் என்றேன். பின்னறைச் சுவரில் வாசலுக்கு வலது பக்கம் நாலு பென்சில் கோடு இருக்கும், இந்தப் பெண்ணின் உயரம், வருஷத்துக்கு ஒன்று என்றேன். அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. அது ஆதாரமா என்று எனக்கே சந்தேகம்.

அதிகாரி செல்வராணியைப் பார்த்தார். "கோடு இருக்கா?"

"இருக்குன்னு சொன்னா என் வீடு போயிடுமா சாப்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. கட்டினவங்களுக்கு ஒண்ணு. ரெண்டு வருஷத்துக்கு மேல பாடாவுக்கு இருந்தவங்களுக்குத் தனியா ஒண்ணு. உங்களுது உங்களுக்குத்தான்."

இதைச் சொல்ல அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. செல்வராணி என் மேஜைக்கு முன்னால் நின்று கேட்ட அதே கேள்வி. ஒரு போன் செய்து கேட்டுச் சொல்லியிருந்தால் குமாரி அந்த அறையை விட்டுப் போயிருக்கவே மாட்டாள். அன்று நான் ரகசியத்தைப் பற்றிப் பேசினேன்.

செல்வராணி குமாரியைப் பார்க்காமல், அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கோடு இருக்குது சாப். எம் பையன் சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கறேன்னு நின்னான். அந்த எடத்த மட்டும் உட்டுட்டு அடிடான்னு நான்தான் சொன்னேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். குமாரி அழுதாள். செல்வராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு யாரிடமும் பேசாமல் வெளியே போய்விட்டாள். அதிகாரி என்னிடம், "அடுத்த தடவை முதல் பக்கத்தைப் பத்திரமா வைங்க" என்றார். எங்கள் நிறுவனத்துக்கு அந்த அலுவலகத்திலிருந்து அப்புறம் பல வருஷம் எந்த வேலையும் வரவில்லை. அதற்காக நான் அவர்மேல் குறை சொல்ல முடியாது.

வீடு கொடுக்க அவர்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் எனக்குத் தலை நரைத்துவிட்டது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வழியாகக் கொடுத்தார்கள், ஹடப்சரைத் தாண்டி, ஏழு மாடிக் கட்டடம். வீட்டுக் கடன் வாங்கியவர்கள் தவணை கட்ட என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று வேறொரு ஆய்வுக்காக நான் அங்கே போக வேண்டிவந்தது. செல்வராணி தரைத்தளத்தில் இருந்தாள். என்னைப் பார்த்து, "இந்தத் தடவை ஒழுங்கா கேளுங்க" என்றாள். ஒழுங்காகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

குமாரி மூன்றாவது மாடி. கதவைத் திறந்து, நிற்கவைத்தே பதில் சொன்னாள். பக்கத்தில் வந்திருந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி கேன்டீனில் வேலை, சம்பளம் நேரே பேங்கில் விழுகிறது, தவணை அதிலிருந்தே போய்விடுகிறது. பெண் கல்லூரியில். எல்லாக் கேள்வியும் முடிந்ததும், "எழுதினதைப் படிங்க" என்றாள். படித்தேன். இரண்டு இடத்தில் நான் எழுதியது சரியில்லை என்று திருத்தச் சொன்னாள். திருத்தினேன். பிறகு கையை நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணு?"

அச்சடித்த நகல் எங்களிடம் கிடையாது. அப்படி ஒன்று யாருக்கும் கொடுக்கும் வழக்கமே அப்போது இல்லை. வாசலில் நின்றபடியே, நோட்டிலிருந்து தாளை எடுத்து, அவள் பெயர், வீட்டு எண், அவள் சொன்ன பதில்கள் எல்லாவற்றையும் மறுபடி கையால் எழுதினேன். இருபது நிமிஷம் ஆயிற்று. கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். உங்கள் கேள்வித்தாளின் கடைசியில் பதில் சொன்னவருக்குக் கிழித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு ரோஸ் நிறச் சீட்டு இருக்கிறதே, நேரம் வீணாகிறது என்று நேற்று உங்களில் ஒருவர் சொன்னாராம், அது அந்த வாசலில் ஆரம்பித்தது.

குமாரி அதை மெதுவாக ஒரு எழுத்து விடாமல் படித்தாள். தமிழ் படிக்க அவளுக்குச் சிரமம், இருந்தாலும் பெண்ணைக் கூப்பிடாமல் தானே எழுத்துக் கூட்டிப் படித்தாள். முடித்ததும் மடித்து, பேங்க் பாஸ்புக் வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, பீரோவைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினாள்.

பிறகுதான், "உள்ள வாங்க மேடம், டீ போடறேன்" என்றாள்.